பிளஸ் டூ நளன்

நளனுக்குப் பதினேழு வயது. ரேஷன் கார்டில் வேறு பெயர். நளன் என்பது நான் வைத்தது. இவனைப் பாளையங்கோட்டையில்தான் தேட வேண்டும் என்றில்லை, டியூஷன் சென்டர் உள்ள எந்தத் தெருவிலும் கிடைப்பான். கண்ணுக்குக் கீழே கருவளையம், கையில் இயற்பியல் நோட்டு, நோட்டுக்குள் போன். "என்ன தம்பி, தூங்கலையா?" என்று கேட்டால், "போர்ஷன் முடியல அண்ணாச்சி" என்பான். போர்ஷன் முடியாதது உண்மை. தூங்காததும் உண்மை. இரண்டுக்கும் நடுவில் இருப்பதை மட்டும் சொல்லமாட்டான்.

அசல் நளனைப் பிடிக்கச் சனி பகவான் பன்னிரண்டு ஆண்டு காத்துக்கிடந்து, ஒருநாள் அவன் காலைச் சரியாகக் கழுவாத நேரம் பார்த்து நுழைந்தாராம். நம்மாள் அவருக்கு அந்தச் சிரமம் வைக்கவில்லை. ஆப்பில் வரவேற்பு போனஸ் 100 ரூபாய் என்று வந்ததுமே கதவைத் திறந்து, நாற்காலி போட்டு உட்காரவைத்துவிட்டான்.

ஆடுவது போக்கர். ரம்மிக்காரர்களை அவன் மதிப்பதில்லை. ரம்மி, கல்யாண மண்டபத்தில் ஜமக்காளம் விரித்து மாமாக்கள் ஆடுவது, போக்கர் மூளைக்காரர்களுக்கானது. மூளைக்குச் சாட்சியாக நார்வேயிலிருந்து அனெட் ஓப்ரெஸ்டாடைக் கூப்பிடுவான். அவர் பதினைந்து வயதில் இணையத்தில் ஆடத் தொடங்கியவர். 2007-இல் லண்டனில் உலகத் தொடர் போக்கரின் ஐரோப்பியப் பட்டத்தை வென்று 10 லட்சம் பவுண்டு வாங்கியபோது, பத்தொன்பதாவது பிறந்தநாளுக்கு ஒரு நாள் பாக்கி. இன்னொரு தடவை, 180 பேர் ஆடிய இணையப் போட்டியில் தன் சீட்டை மறைத்து வைத்துக்கொண்டு, ஒரே ஒருமுறை மட்டும் எட்டிப் பார்த்து, முதலிடம் வந்தார். நளனுக்குப் பிடித்த இடம் இதுதான். அவர் சீட்டைப் பார்க்காமல் ஜெயித்தார். இவன் பாடத்தைப் பார்க்காமல் பரீட்சைக்குப் போனான்.

பிளஸ் ஒன் கணக்கில் நிகழ்தகவுப் பாடம் வந்தபோது ஒரு வேடிக்கை நடந்தது. 52 சீட்டுக் கட்டிலிருந்து இரண்டு சீட்டு எடுத்தால் இரண்டுமே ராஜாவாக இருக்க நிகழ்தகவு என்ன என்று வகுப்புத் தேர்வில் ஒரு கேள்வி. நளன் கண்ணை மூடிக்கொண்டு 1/221 என்று எழுதினான். விடை சரி. வழிமுறை ஒரு வரி இல்லை.

"ஸ்டெப் எங்கல?" என்றார் கணக்கு சார்.

"ஸ்டெப் தேவையில்ல சார். அது அவ்வளவுதான் வரும்."

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

கையில் இரண்டு ராஜா வருவதற்காக எத்தனை ராத்திரி விழித்திருக்கிறான் என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது? காப்பியடித்தான் என்று முடிவுகட்டி, மதிப்பெண்ணில் பாதியை வெட்டிவிட்டார். அடுத்த கேள்வி, பையில் நான்கு சிவப்புப் பந்தும் ஆறு கறுப்புப் பந்தும் பற்றியது. அதை அப்படியே விட்டுவிட்டான். பந்தில் அவனுக்குப் பழக்கமில்லை.

"நல்ல பிளேயர் பத்து கையில ஏழெட்ட ஃபோல்ட் பண்ணிருவான், தெரியுமா?" என்று நண்பர்களுக்கு வகுப்பெடுப்பான். உண்மைதான், மோசமான சீட்டைத் துணிந்து கீழே வைக்கத் தெரிவதுதான் அந்த ஆட்டத்தில் பாதி. அவனும் வேண்டிய அளவு ஃபோல்ட் பண்ணினான். சாயங்கால கிரிக்கெட்டை ஃபோல்ட் பண்ணினான். நண்பனின் பிறந்தநாள் ட்ரீட்டில், பரோட்டா வந்து சால்னா வருவதற்குள் பாத்ரூமுக்குப் போனவன் திரும்பும்போது கடைக்காரர் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அக்கா நிச்சயதார்த்தப் போட்டோவில் எல்லோரும் கேமராவைப் பார்க்கிறார்கள், இவன் மட்டும் தலைகுனிந்து மடியைப் பார்த்துச் சிரிக்கிறான். 'பையன் ரொம்ப அடக்கம்' என்றார்களாம் மாப்பிள்ளை வீட்டில். டியூஷனில் ஒரு பெண் வேதியியல் நோட்டு கேட்டாள். எதிராளியின் முகத்தை வைத்தே சீட்டைச் சொல்லிவிடுவதாகப் பீற்றிக்கொள்கிறவன், அந்த முகத்தை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் நோட்டை நீட்டினான். அதில் முதல் பக்கத்துப் பிள்ளையார் சுழிக்குப் பிறகு ஒன்றும் இல்லை என்பதை அவள் வீட்டுக்குப் போய்த்தான் கண்டுபிடித்தாள்.

இப்படி எதையும் கீழே வைக்கத் தயங்காதவன், கையில் இருக்கிற சீட்டை மட்டும் வைக்கவே மாட்டான். ஏழும் இரண்டும் என்று படுமோசமான சீட்டு வந்தாலும், "இதுல ஒரு ஃபீல் இருக்கு" என்று கடைசிக் காசுவரை போவான்.

காசு என்றதும் தாத்தாவுக்கு வந்தாக வேண்டும். பதினெட்டு வயது ஆகாதவன் பணம் கட்டி ஆட முடியாது என்பது அப்போதைய விதி. பான் கார்டு வேண்டும், ஆதார் வேண்டும், பணம் போக வர வங்கிக் கணக்கு வேண்டும். மூன்றும் வைத்துக்கொண்டு, கேள்வி அதிகம் கேட்காத ஒருவர் அந்த வீட்டில் இருந்தார்.

"தாத்தா, ஒரு ஓடிபி வரும், சொல்லுங்க."

"எதுக்குல?"

"ஸ்காலர்ஷிப்பு."

ஆக, ஆப்பின் பதிவேட்டில் 'கிங் கோப்ரா' என்ற பெயரில் நள்ளிரவில் எதிராளிகளைக் கலங்கடித்தவர், சர்க்கரைக்கு மாத்திரை போட்டுக்கொண்டு எட்டரை மணிக்கே படுத்துவிடுகிற, 78 வயது ஓய்வுபெற்ற வருவாய் ஆய்வாளர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை 500 ரூபாய் போட்டு 3,000 ஆக்கினான். உடனே வெளியே எடுத்தான். லாபம் 2,500-க்கு 30 சதவீதம் வரி, அதாவது 750 ரூபாய், அங்கேயே பிடித்துக்கொண்டு மிச்சம் 2,250 தாத்தாவின் பென்ஷன் கணக்குக்கு வந்தது. பேரனுக்கு ஸ்காலர்ஷிப் வந்துவிட்டது என்று தாத்தா தெரு முழுக்கச் சொன்னார். எனக்கும் ஒரு லட்டு கிடைத்தது. நல்ல லட்டு. அந்த 2,250 ரூபாய் திரும்பவும் ஆப்புக்கே போய், போட்டதில் 28 சதவீத ஜிஎஸ்டிக் கணக்கு ஒரு பக்கம், ஆட்டத்துக்கு ஆட்டம் கம்பெனி எடுக்கும் கமிஷன் ஒரு பக்கம் என்று ஒரே வாரத்தில் கரைந்ததை யாரும் தெருவில் சொல்லவில்லை. தோற்றதற்கு லட்டு கொடுக்கும் வழக்கம் நம்மிடம் இல்லை. ஜெயித்த ஒரு ஞாயிறு மட்டும் அவன் மனதில் சட்டம் போட்டு மாட்டியபடி இருந்தது.

2025 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு ஒரு விதி கொண்டுவந்தது: இரவு 12 மணியிலிருந்து காலை 5 மணிவரை பண ஆட்டம் கூடாது. பன்னிரண்டு அடித்ததும் பிள்ளை படுத்துவிடுவதைப் பார்த்து அவன் அம்மா பிள்ளையாருக்குச் சிதறுகாய் உடைத்தார். அதைவிட ஆச்சரியம், 4:55-க்கு அலாரம் வைத்துத் தானே எழுந்ததுதான். ஐந்து மணிக்கு மாடியில் விளக்கு எரியும். "அந்தப் பையனப் பாருல, விடியுமுன்ன எந்திச்சுப் படிக்கான்" என்று எங்கள் தெருவில் மூன்று பிள்ளைகளுக்காவது திட்டு விழுந்திருக்கும்.

ஜூலை வந்தது. வருமான வரிக் கணக்கு போடத் தாத்தா ஆடிட்டரிடம் போனார். ஆடிட்டர் கம்ப்யூட்டரைப் பார்த்தார், தாத்தாவைப் பார்த்தார், மறுபடி கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

"சார்வாள், ஆன்லைன் கேம்ல 2,500 ஜெயிச்சிருக்கீங்களே. 194பிஏ-ல 750 டிடிஎஸ் பிடிச்சிருக்கான்."

தாத்தா கொஞ்ச நேரம் யோசித்தார். "ஸ்காலர்ஷிப்புக்கும் வரி உண்டோ?" என்றார்.

விஷயம் விளங்கியதும் அவர் கேட்டது ஒன்றே ஒன்று: அந்த 750 ரீஃபண்டு வருமா? வராது, லாட்டரிப் பரிசு மாதிரிதான், விழுந்த வரி விழுந்ததுதான் என்றார் ஆடிட்டர். பேரன் சூதாடியதைவிட இது அவரை அதிகம் சுட்டது. வருவாய்த் துறையில் 34 வருஷம் இருந்தவரிடமே வசூல் பண்ணிவிட்டார்கள்.

வீட்டில் நடந்த விசாரணையில் நளன் வக்கீலாக மாறினான். போக்கரும் ரம்மியும் திறமை விளையாட்டு என்று 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றமே சொல்லியிருக்கிறது என்று வாதாடினான். தமிழ் மனப்பாடப் பகுதியில் நாலு வரி தாண்டாதவன், தீர்ப்பை நிறுத்தற்குறியோடு ஒப்பித்தான். ஆனால் வீட்டு வழக்கில் அப்பீலுக்கு அவகாசம் இல்லை. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இணையப் பண விளையாட்டு மொத்தத்தையும் தடை செய்தது; 22-ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஒப்புதலும் கிடைத்தது. திறமையா அதிர்ஷ்டமா என்ற பேச்சுக்கே அதில் இடமில்லை. மீதமிருந்த 43 ரூபாய் பென்ஷன் கணக்குக்குத் திரும்பியது. நளன் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

மூன்றாம் நாள் தாத்தா சீட்டுக்கட்டோடு திண்ணையில் உட்கார்ந்தார். "சொல்லிக் குடுல, அது அப்படி என்ன திறமைன்னு பாப்போம்." காசுக்குப் பதில் புளியங்கொட்டை, ஆளுக்கு நூறு. அரைமணி நேரத்தில் விதிகளைப் பிடித்துக்கொண்டார். அதற்கு மேல் அவருக்குக் கற்றுக்கொள்ள ஒன்றும் இருக்கவில்லை. பட்டா கேட்டு அழுதவர்களையும் அதட்டியவர்களையும் ஒரே முகத்தோடு "பாக்கலாம்" என்று சொல்லி அனுப்பிய முகம் அது. ஒரு ஆட்டத்தில் நளன் கையில் இரண்டு ராஜா. தாத்தா தன் கொட்டை மொத்தத்தையும் நடுவில் தள்ளிவிட்டு, "பாக்கலாம்" என்றார். நளன் அந்த முகத்தைப் பார்த்தான், வெகுநேரம் பார்த்தான், பிறந்ததிலிருந்து முதல்முறையாகச் சீட்டைக் கீழே வைத்தான். தாத்தா தன் சீட்டைத் திருப்பிக் காட்டினார். ஏழும் இரண்டும்.

அடுத்த ஆட்டத்தில் ஒருவழியாகப் பேரன் இருபது கொட்டை ஜெயித்தான். அள்ளப்போன கையைத் தாத்தா பிடித்து நிறுத்தி, ஆறை எண்ணித் தன் பக்கம் ஒதுக்கிக்கொண்டார்.

"இது என்ன தாத்தா?"

"டிடிஎஸ்."