கையைக் கட்டிக்கிட்டுச் சொல்றேன், கேளு

வாடா பேராண்டி, வந்து உட்காரு. கண்ணு ரெண்டும் கோவைப்பழமா இருக்கு. உங்கம்மா ஆசையா விரிச்ச பூப்போட்ட மேசைத் துணி மேல உன் ரூகர் மார்க் டூ கைத்துப்பாக்கி ஏழெட்டுத் துண்டாக் கிடக்கு. பக்கத்துல காபி, ஆடை படிஞ்சு ஆறிக் கிடக்கு. கழட்ட எம்புட்டு நேரமாச்சு? ரெண்டே நிமிசம்னு நேத்து மார்தட்டினே. மாட்ட? ராத்திரி பத்து மணியில இருந்து மாட்டிக்கிட்டு இருக்கே. ஆமா, நல்லாவே மாட்டிக்கிட்டே.

என் பக்கம் நீட்டாத. நான் தொட மாட்டேன். விசிட்டர் விசாவுல வந்த கிழவன் இந்த ஊர்ல துப்பாக்கியைக் கையில வச்சிருந்தா மத்திய சர்க்கார் சட்டப்படி குத்தம். வேட்டை லைசென்ஸ் எடுத்தவனுக்கு விலக்கு உண்டாம். நான் எதை வேட்டையாட, உங்க வேலியில ஓடுற அணிலையா? நீ ஹூஸ்டன்ல பொறந்தவன், உனக்குப் பாத்தியதை இருக்கு. எனக்கு இருக்கிறது வாய் ஒண்ணுதான். கையைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்து வாயால துப்பாக்கி மாட்டுற முதல் கோவில்பட்டிக்காரன் நானாத்தான் இருப்பேன்.

இருபத்திரெண்டு வருசம் பட்டாளத்துல ஆர்மரர். அப்புறம் ஊர்ல பம்புசெட்டு மோட்டார் ரிப்பேர். என் சர்வீஸ் இருபத்திரெண்டு, உன் சாமானும் பாயின்ட் டூ டூ. நமக்குள்ள பொருத்தம் இருக்கத்தான் செய்யுது.

முதல்ல ஒண்ணு கேட்கிறேன். கழட்டுறதுக்கு முந்தி சேம்பரைப் பார்த்தியா? மேகசினை உருவினேங்கிறே. நான் கேட்டது அதில்லையே. மேகசினை உருவிட்டா துப்பாக்கி காலின்னு நினைக்கிறவன், பால் செம்பை எடுத்துட்டா மாடு உதைக்காதுன்னு நினைக்கிறவன். உள்ள ஒண்ணு உட்கார்ந்திருந்தா அது மேகசினைக் கேட்டுக்கிட்டா வெடிக்கும்? இந்த மார்க் டூவைக் கழட்டணும்னா விசையை இழுத்து ஹேமரை விழவைக்கணும், அது உனக்கே தெரியும். தோட்டா உள்ள இருந்து நீ இழுத்திருந்தா, இந்நேரம் உங்கம்மா ஃபிரிட்ஜுக்கு ஒரு மூக்குத்தி குத்தியிருப்பே. போல்ட்டை இழுத்து வச்சுக் கண்ணால பாரு, பார்த்தப்புறம் சுண்டு விரலை விட்டுத் தடவு. கண்ணு பொய் சொன்னாலும் விரல் சொல்லாது. தோட்டாப் பெட்டி எங்க? அதோ, சர்க்கரை டப்பா பக்கத்துல! எடுத்துட்டுப் போய் அடுத்த ரூம்ல வச்சுட்டு வா. நான் காத்திருக்கேன், எனக்கென்ன, ஆறு மாசம் விசா இருக்கு.

வந்துட்டியா. சரி, இது ஏன் இப்படி அழுக்காகுதுன்னு கேட்டியே. பட்டாளத்துத் தோட்டாவுக்கு நடு நெத்தியில பொட்டு வச்ச மாதிரி பின்பக்கம் நடுவுல ஒரு மூடி இருக்கும், ஊசி அங்கதான் குத்தும். உன் சின்னத் தோட்டாவுக்கு நெத்தியே கிடையாது. பித்தளைக் கூட்டோட விளிம்பு உள்பக்கம் பொள்ளல், மருந்தை அதுக்குள்ளதான் சுழட்டி அடைச்சிருப்பான். அதனால ஊசி ஓரத்துல குத்தணும். இந்த லாங் ரைஃபிள் தோட்டா 1887-ல வந்தது. விக்டோரியா மகாராணி அம்பது வருசம் ஆண்டாச்சுன்னு நம்ம ஊர்ல விளக்கேத்தின வருசம். அன்னைக்கு இருந்த ஈயக் குண்டுதான் அநேகமா இன்னைக்கும். 40 கிரெயின், நம்ம கணக்குல ரெண்டரை கிராம் சொச்சம். குண்டுக்கு வெளியில மெழுகு பூசியிருப்பான். ஈயம், மெழுகு, எரிஞ்ச மருந்துக் கரி மூணும் சேர்ந்தா என்னாகும்? பணியாரச் சட்டியை ஒரு மாசம் கழுவாம வச்ச கதைதான்.

உன் வேலை எங்க இருக்குன்னு இப்பத் தெரியுதா? நேத்து கழட்டினதும் நீ எதைத் தேய்ச்சே? குழலை. அங்க பாரு, கறுத்த துணித் துண்டு நாற்பது இருக்கும். குழல் ஊரே மூஞ்சி பார்க்கிற கண்ணாடியாயிருச்சு. ஆனா போல்ட்டு முகத்தைப் பாரு, அடுப்பங்கரைச் சுவரு தோத்துப் போகும். சேம்பர் வாயில மெழுகும் கரியும் வளையமா உட்கார்ந்திருக்கு. தோட்டா முழுசா உள்ள போகாம அரை மனசோட நிக்கிறது அதனாலதான். காலிக் கூட்டைப் பிடிச்சு இழுக்கிற கொக்கி, அந்த எக்ஸ்ட்ராக்டர், அதோட நகத்துக்கு அடியில அழுக்கு அடைஞ்சா அது எதைப் பிடிக்கும்? உனக்கு நகம் வெட்டச் சொல்லித்தர்றதே பெரும்பாடு, அதுக்கு யாரு வெட்டிவிடுறது? பழைய டூத் பிரஷ் ஒண்ணு, காது குடையற பஞ்சுக் குச்சி நாலு, பல்லுக்குத்துற மரக்குச்சி ஒண்ணு. ஆயுதம் அம்புட்டுத்தான். நீ அமேசான்ல வரவழைச்சியே நாற்பத்தெட்டு சாமான் பெட்டி, அதை அப்படியே மூடி உங்கப்பா பொறந்த நாளைக்குக் குடுத்துரு.

இந்த வளையத்தாலயும் கொக்கியாலயும் என்ன பெருசா வந்துரும்னு கேட்கிறியா? 2012 லண்டன் ஒலிம்பிக்ல நம்ம பட்டாளத்து சுபேதார் விஜயகுமார் வெள்ளி வாங்கினாரே, 25 மீட்டர் ரேபிட் ஃபயர், அதுவும் இதே பாயின்ட் டூ டூதான். வரிசையா அஞ்சு குறி, குறிக்கு ஒண்ணா அஞ்சு ரவுண்டு, நாலே செகண்டு. அங்க மூணாவது தோட்டா மெழுகு வளையத்துல முட்டி நின்னா, கொக்கியைக் கூப்பிட்டு நியாயம் கேட்கவா நேரமிருக்கு? நீ சனிக்கிழமை கிளப்புல சுடுறவன், உனக்குப் பதக்கம் போகாது, மானம்தான் போகும். ஆனாலும் அதுவும் உன் சொத்துதானே.

குழலைச் சும்மா விடுன்னா மூஞ்சியைத் தூக்காத. ஈயம் மெத்துனு இருக்கிற வஸ்து, எஃகுக் குழலை அது அரிக்கிறதுக்குள்ள உனக்கே பேரன் பொறந்துருவான். குழலைக் கெடுக்கிறது குண்டு இல்லடா, உன்னைப் போல சுத்தக்காரன்தான். இரும்புக் கம்பியை வாய்ப்பக்கமா விட்டுக் குத்து குத்துன்னு குத்துறான் பாரு, அவன். குண்டு கடைசியா விட்டுப் பிரியற இடம் அந்த வாய் விளிம்பு. கெண்டி மூக்கு ஒரு பக்கம் நசுங்கினா தண்ணி கோணிக்கிட்டுத்தானே ஊத்தும்? குண்டும் அப்படித்தான் போகும். மார்க் டூவுல போல்ட்டை உருவிட்டா பின்வாசல் திறந்தே கிடக்கு. அங்க இருந்து விடு கம்பியை, பித்தளையோ மேல் பூச்சு போட்டதோ. எங்க பட்டாளத்துல கம்பியே கிடையாது, கயித்து நுனியில துணி கட்டி ஒரே இழுவை. புல்த்ரூன்னு பேரு, துணிக்குச் சிந்தின்னு பேரு. இப்ப அதையே பாம்பு மாதிரி தடியாப் பின்னி நல்ல விலைக்கு விக்கிறான். சிந்தி ரெண்டு ஈரமா, ரெண்டு காஞ்சதா போய் வந்தாப் போதும். ரொம்பத் தேய்ச்சுட்டு மறுநாள் சுட்டா, குழல்ல மறுபடி மெழுகு படியற வரைக்கும் முதல் சில குண்டு ஊர் சுத்தும். அதையும் காத்து மேல பழி போட்டுருவே, எனக்குத் தெரியும்.

எண்ணெய் விசயத்துக்கு வருவோம். உன் துப்பாக்கியைப் பிழிஞ்சா அரைப்படி தேறும்போல இருக்கு. எண்ணெயும் கரியும் கலந்தா அரைச்ச மசாலாதான். போல்ட்டு ஓடுற தடத்துல ரெண்டு சொட்டு விட்டு விரலால தடவி, தடவினதையும் துணியால துடைச்சுரு. உங்கப்பா கராஜ்ல இருந்து நீலமும் மஞ்சளுமா ஒரு டப்பா தூக்கிட்டு வந்தாரே, டபிள்யூ.டி.-40, அது 1953-ல தண்ணியை விரட்டக் கண்டுபிடிச்ச சரக்கு. முப்பத்தொம்பது தடவை தோத்து நாற்பதாவது தடவை ஜெயிச்சதால அந்த நம்பர். கேட்டுக் கதவு கீச்சுன்னு கத்தினா அடி, இதுக்கு வேண்டாம். உங்க பாட்டி தேங்காயெண்ணெய் குடுக்கிறாளாக்கும்? பாசம்தான், இல்லேங்கல. இந்த வீட்டு ஏசியில அது கட்டிப் போயிருச்சு பாரு பாட்டில்ல. துப்பாக்கிக்குள்ளயும் அதே கதைதான். அழுக்குக் கரைக்கிறதுக்கு நீ வச்சிருக்கிற ஹாப்பீஸ் நம்பர் 9 நல்ல சாமான், 1903-ல இருந்து விக்கிறான். வாழைப்பழ வாசனை அடிக்குதேன்னு முகர்ந்துக்கிட்டே இருக்காத, ஜன்னலைத் திற. மரப்பிடியை முன்னாடியே கழட்டி ஒதுக்கி வை. அந்தத் தண்ணி பட்டா பிடியோட பாலிஷ் போயிரும்.

சரி, மாட்டுவோம். அதுக்கு முந்தி இதைப் பெத்தவன் கதை கொஞ்சம். பில் ரூகர்னு ஒருத்தர். ரெண்டாம் உலகப்போர் முடிஞ்சு திரும்பின ஒரு மரீன் சிப்பாய்கிட்ட ஜப்பான்காரன் கைத்துப்பாக்கி ஒண்ணை வாங்கி, அதே மாதிரி ரெண்டு தன் கராஜ்லயே செஞ்சு பார்த்தாராம். அந்த ஜப்பான் துப்பாக்கிக்குப் பேரே நம்பு. நம்பித்தான் ஆகணும். அப்புறம் அலெக்சாண்டர் ஸ்டர்ம்னு ஒரு ஓவியர் பணம் போட, கனெக்டிகட்ல சவுத்போர்ட்ங்கிற ஊர்ல கடை திறந்து, 1949-ல முதல் பிஸ்டலை விட்டாங்க. விலை 37 டாலர் 50 சென்ட். பிடியில கழுகு முத்திரை சிவப்பா இருந்துச்சு. 1951-ல ஸ்டர்ம் சின்ன வயசுலயே செத்துப்போக, கழுகு கறுப்பாச்சு. உன்னோடது 1982-ல வந்த ரெண்டாம் தலைமுறை. நல்ல சாதி, குறி தப்பாது, தலைமுறை தாண்டி உழைக்கும். ஆனா மாட்டத் தெரியாதவன் இதைப் பையில போட்டுக்கிட்டுக் கடைக்கு நடக்கிறது ரொம்ப நாளாவே ஊரறிஞ்ச வேடிக்கை. 2016-ல மார்க் ஃபோர் வந்தப்ப, பின்னால ஒரு பொத்தானை வச்சு, அமுக்கினா மேல்பாதி முன்னால மடங்கித் திறக்கிற மாதிரி பண்ணிட்டான். அதை வாங்கியிருந்தா நீ ராத்திரி தூங்கியிருப்பே, எனக்கும் பேச ஆள் கிடைச்சிருக்க மாட்டான்.

குழலைப் பிடியோட கோத்துட்டியா? பின் விளிம்பு சரியா வரல. தள்ளு. அந்த இஞ்சி தட்டுற உலக்கையை வை கீழே! அதாலயா நேத்து பிரிச்சே? தட்டணும்னா ரப்பர் சுத்தி எடு. பின்னால தாழ்ப்பாளைச் சுத்தி இருக்கிற கீறல் என்ன? ஓகோ, காய் வெட்டுற கத்தி. உங்கம்மாகிட்ட நான் சொல்ல மாட்டேன், கத்தி முனையே சொல்லிரும்.

இப்ப போல்ட்டை விட்டாச்சு. கையில இருக்கே அந்தப் பிடியோட முதுகுத்துண்டு, அதுக்குள்ளதான் பெரிய ஸ்பிரிங் இருக்கு. மேல நீட்டிக்கிட்டு இருக்கிற முளை போல்ட்டுக்குள்ள ஏறி உச்சந்தலையில எட்டிப் பார்க்கணும். பார்த்துச்சா? இனிமேதான் நீ ராத்திரி பூரா அழுத இடம். ஹேமருக்கு வால் மாதிரி ஒரு குச்சி தொங்குது பாரு. ஹேமர் முன்னால விழுந்து கிடக்கணும், வால் சுதந்திரமா ஆடணும். அந்த வால் நுனி, ஸ்பிரிங் தலையில இருக்கிற சின்னக் குழியில போய் உட்காரணும். நீ என்ன பண்ணினே, துப்பாக்கியை மேசையில படுக்கப் போட்டு அழுத்தினே. படுத்துக் கிடக்கிற வால் எப்படிடா குழிக்குள்ள போகும்? வாளியைக் கிணத்துல இறக்கணும்னா கயிறு தொங்கணும்ல? நிமித்திப் பிடி. கொஞ்சம் சாய்ச்சு ஆட்டு. வால் அதோட எடையில தானா விழட்டும். அழுத்தாத, கெஞ்சு. உன் அவசரத்துக்கு அது வராது. ம், ம்... சொத்துன்னு ஒரு சத்தம் கேட்டுச்சா? முதுகை மூடு. தாழ்ப்பாளைப் போடு. போல்ட்டை இழு. பாதியில நிக்குதா? வால் வெளிய போயிருச்சுன்னு அர்த்தம். இல்ல, முழுசா வருது! அடி சக்கை. ராத்திரி பூரா ஆகாதது இப்ப மூணு நிமிசம்.

ஏய், ஏய், விசையை இழுக்காத! டிக் டிக்குன்னு வெறும் விசை இழுத்து விளையாடுறது இந்தச் சாதித் தோட்டாக்காரனுக்கு ஆகாது. உள்ள தோட்டா இல்லேன்னா ஊசி ஓடிப்போய் சேம்பர் விளிம்புல குத்தும், விளிம்பு பிசிறு தட்டும், அப்புறம் காலிக் கூடு வெளிய வராம அழும். உன் மார்க் டூவுல ஊசி அம்புட்டு தூரம் போகாம போல்ட்டுக்குள்ள குறுக்கே ஒரு சின்னப் பின் தடுக்கும், அதனால தப்பிக்கும். மத்ததுல பழகணும்னா இந்த ஊர்க்காரங்க சுவர்ல ஸ்குரூ முடுக்குற மஞ்சள் பிளாஸ்டிக் ராவல் பிளக்கை சேம்பர்ல சொருகிக்கிறாங்க. கெட்டிக்காரப் பயலுக.

எழுந்திரு, கையைக் கழுவு. வடையைத் தொட்டே, பிச்சுப்புடுவேன். விரல்ல இருக்கிற கறுப்பு மை இல்ல, ஈயம். சோப்புப் போட்டுப் பச்சைத் தண்ணியில கழுவு. இந்தத் துணியெல்லாம் பையில கட்டி வெளிய போடு, குட்டித் தங்கச்சி தவழ்ந்து வர்ற வீடு இது. பூப்போட்ட துணியைத் தனியா அலசு, உங்கம்மா எழுந்திரிக்கிறதுக்கு முன்னாடி.

நில்லு. துணியை உதறாத. அந்த ரோசாப்பூ மேல கிடக்கே, அரிசி மணி நீளத்துல ஒரு பின், அது எதோடது? நேத்து ஊசியை எதுக்குடா உருவினே? இப்பத்தான் சொன்னேன், ஊசியைத் தடுக்கிற குறுக்குப் பின்னு.

உட்காரு. மேகசினை எடு, சேம்பரைப் பாரு, விரலை விடு. மறுபடி கழட்டு.