ஆணையர் அவர்களே, நான் எந்த ஊர்க்காரி?

பெருமதிப்பிற்குரிய மாநில வரித் துறை ஆணையர் அவர்களுக்கு,

அமெரிக்கக் கடற்படைக்காரர் ஒருவரின் மனைவி எழுதிக்கொள்வது. உங்கள் மாநிலத்தின் பெயரை இக்கடிதத்தில் எங்கும் எழுதவில்லை. எழுதினால், ‘பார், இவளே ஒப்புக்கொண்டாள்’ என்று கோப்பில் சேர்த்துவிடுவீர்கள்.

இந்த ஆண்டும் என் சம்பளத்தில் உங்கள் வருமான வரியைப் பிடித்துவிட்டார்கள். நான் வேலை பார்க்கும் இடத்தின் சம்பளப் பிரிவில் கேட்டால், “வேலை இங்கே, வீடு இங்கே, வரி மட்டும் எங்கேயாம்?” என்கிறார்கள். நியாயமான கேள்விதான். பதிலை வாஷிங்டன் தவணை முறையில் எழுதிவைத்திருக்கிறது. உத்தரவின் பேரில் ஊர் மாறும் சிப்பாயின் ராணுவச் சம்பளத்துக்கு, போன இடத்து மாநிலம் வரி போடக் கூடாது என்று 1942-லேயே சட்டம் வந்துவிட்டது. அதே உத்தரவுக்காகச் சட்டி பானையைக் கட்டிக்கொண்டு கூடவே போன மனைவி, நாடாளுமன்றத்தின் கண்ணில் பட 2009 ஆனது. 67 ஆண்டுகள். அவசரப்பட்டுவிட்டார்கள் என்றுதான் உங்கள் துறை நினைக்கும்.

2009 சட்டத்தில் ஒரு கொக்கி: இருவருக்கும் சொந்த மாநிலம் ஒன்றாக இருக்க வேண்டும். கல்யாணம் எப்போது நடந்திருந்தாலும் கணவரின் மாநிலத்தையே வரிக்குத் தேர்ந்துகொள்ளலாம் என்று 2018-ல் தளர்த்தினார்கள். 2023 ஜனவரியில் இன்னும் தாராளம்: அவர் மாநிலம், என் மாநிலம், அவருக்குப் பணியிடம் போட்ட மாநிலம், மூன்றில் எது வேண்டுமானாலும் சரி. என் கணவர் டெக்சஸ்காரர். அங்கே தனிநபர் வருமான வரி கிடையாது. டெக்சஸில் நான் பார்த்தது டல்லஸ் விமான நிலையமும் அதிலிருந்த ஒரு காபிக் கடையும்தான். இருந்தாலும் வரிக்கு நான் டெக்சஸ்காரி. அந்த மண்ணின் மேல் எனக்குத் திடீரென்று பொங்கிய பாசத்தை நீங்கள் சந்தேகிப்பது மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

ஒவ்வோர் ஆண்டும் விலக்குப் படிவம், ராணுவக் குடும்ப அடையாள அட்டையின் நகல், கணவரின் சம்பளச் சீட்டு எல்லாம் கேட்கிறீர்கள். அந்தச் சீட்டில் மாநிலம் என்ற கட்டத்துக்குள் ‘டி.எக்ஸ்.’ என்று இரண்டே எழுத்து. என் குடியுரிமை, குணநலன், நாணயம் எல்லாம் அதற்குள் அடக்கம். சீட்டு வேண்டுமென்று கப்பலுக்கு மின்னஞ்சல் அனுப்பினால், பதில் வருவதற்குள் உங்கள் கெடு முடிந்துவிடுகிறது. அவர் ஒரு தடவை எழுதிக் கொடுத்த மாநிலம் அவருக்கு அப்படியே செல்கிறது. நாட்டைக் காப்பவர் சொன்னால் நம்பலாம். அவர் பெண்டாட்டி சொன்னால் நகல் வேண்டும்.

உங்கள் கஜானாவை நான் பட்டினி போடவில்லை. சோப்பு வாங்கினால் விற்பனை வரி, பெட்ரோல் போட்டால் அதற்கொரு வரி, தவறாமல் கட்டுகிறேன். நாளைக்கே இங்கு ஒரு வீட்டை வாங்கி வாடகைக்கு விட்டால், அந்த வருமானம் உங்கள் வரிக்குத் தப்பாது. விலக்கு என் உழைப்பின் கூலிக்கு மட்டும்தான்.

ஆகவே, பிடித்த பணத்தைத் திருப்பித் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். படிவத்தை ஒரு முறை வாங்கி, அடுத்த மாற்றல் வரும்வரை செல்லும் என்று வைத்துக்கொண்டால் உங்கள் அலமாரியிலும் கொஞ்சம் காற்றாடும். கல்யாணம் ஒன்றும் டிசம்பர் 31-ஆம் தேதியோடு காலாவதியாவதில்லை.

திருமணச் சான்றிதழின் நகலை இணைத்திருக்கிறேன். கல்யாணப் போட்டோவும் வேண்டுமென்றால் அனுப்பத் தயார். பின்னால் தெரியும் கடற்கரை வருமான வரி உள்ள இன்னொரு மாநிலத்தைச் சேர்ந்தது என்பதால், அந்தப் பகுதியை மட்டும் வெட்டிவிட்டு அனுப்புவேன்.

இப்படிக்கு,
வரிக்கு மட்டும் டெக்சஸ்காரி