வராத ஜோன்ஸும் அவித்த மல்லாட்டையும்

ஹன்ட்ஸ்வில், அலபாமா
30.4.2023

அன்புள்ள மாமாவுக்கு,

மருமகன் எழுதுவது. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் "எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஓடுது" என்று போனை அத்தையிடம் தள்ளிவிடுகிறீர்களாம். அதனால்தான் காகிதம்.

முதலில் முக்கியமான சேதி. இங்கே அவித்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, கிடைக்கிறது! தோலோடு, உப்புப் போட்டு, பெட்ரோல் பங்க்கில் பெரிய பாத்திரத்தில் கொதித்துக்கொண்டே இருக்கும். கரண்டியால் மொண்டு குவளையில் நாமே போட்டுக்கொள்ள வேண்டியது. இந்த மாநிலத்தின் தென்கோடியில் டோத்தன் என்று ஓர் ஊர், உலகத்துக்கே மல்லாட்டைத் தலைநகரம் தாங்கள்தான் என்று மார்தட்டிக்கொள்கிறது. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. திண்டிவனத்தில் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, டி.எம்.வி. ரக மல்லாட்டையில் இருக்கிற டி.எம்.வி. எங்கள் ஊர்ப் பேர்தான் என்று ஆபீஸில் சொன்னேன். ஒருத்தரும் அசரவில்லை. பக்கத்து சீட்டுக்காரர் மட்டும் தலையாட்டிக் கேட்டார். அவரால்தான் இந்தக் கடிதமே.

போன வாரம் அவர், "செவ்வாய்க்கிழமை ஒரு கச்சேரி, என்னிடம் ஒரு டிக்கெட் அதிகம், வா" என்றார்.

"யார் பாடுகிறார்?"

"ஜார்ஜ் ஜோன்ஸுக்காக."

"அவர் எத்தனை மணிக்கு மேடைக்கு வருவார்?"

"அவர் செத்துப் பத்து வருஷம் ஆகிறது."

நம் கணக்கில் பத்தாம் வருஷத் திதி. 2013 ஏப்ரல் 26-ல் போனவருக்கு ஒரு நாள் முன்னதாக, ஏப்ரல் 25-ல் நடத்தினார்கள். இங்கேயும் பஞ்சாங்கத்தில் ஏதோ குளறுபடி போலிருக்கிறது.

இந்தக் கன்ட்ரி மியூசிக் என்பது, மாமா, டெக்சாஸ், டென்னஸி பக்கத்துப் பாட்டு. குடி, காதல், ரயில், ஜெயில், அம்மா, மறுபடியும் குடி. ஜோன்ஸ் டெக்சாஸில் 1931-ல் பிறந்தவர். சின்ன வயசில் பியூமாண்ட் தெருக்களில் கிடார் வாசித்துக் காசு சேர்த்தவர். பிற்காலத்தில் அவருக்கு இரண்டு பட்டப்பெயர். ஒன்று 'பாஸம்'. அது பெருச்சாளிக்கும் மரநாய்க்கும் நடுவாந்தரமாக ஒரு பிராணி. அவர் முகம் அதைப்போல இருக்கிறதாம். நம் ஊரில் யாரையாவது பெருச்சாளி என்று மேடையில் புகழ்ந்துவிட்டு உயிரோடு இறங்கி வர முடியுமா? இந்தக் கச்சேரியின் பேரே 'ஸ்டில் பிளேயிங் பாஸம்'. பாஸம் ஆபத்து வந்தால் செத்த மாதிரி கிடக்குமாம். செத்தவரைப் பற்றியே 'இன்னும் செத்த மாதிரி நடிக்கிறார்' என்று பேர் வைக்க ஒரு தைரியம் வேண்டும்.

இன்னொரு பட்டப்பெயர் 'நோ ஷோ ஜோன்ஸ்'. வராத ஜோன்ஸ். டிக்கெட் விற்று, ஜனம் வந்து உட்கார்ந்து, வாத்தியமெல்லாம் சுருதி சேர்த்த பிறகு ஆளைக் காணோம் என்றாகும். காரணம் பெரும்பாலும் சாராயப் பாட்டில்தான். அதே பட்டப்பெயரை 1982-ல் மெர்ல் ஹாகர்டோடு சேர்ந்து பாட்டாகவே பாடினார். கடைசியாக எல்லாரிடமும் விடைபெற்றுக்கொள்ள நாஷ்வில்லில் 2013 நவம்பரில் பெரிய கச்சேரி வைத்திருந்தார். ஏப்ரலிலேயே போய்விட்டார். அதற்கும் வரவில்லை! மற்றவர்கள் சேர்ந்து அவருக்காக அதை நடத்தினார்கள்.

ஒருமுறை குடிக்கப் போய்விடுவாரே என்று அப்போதைய மனைவி வீட்டிலிருந்த கார் சாவியெல்லாம் ஒளித்து வைத்துவிட்டார். கடை எட்டு மைல். கிட்டத்தட்ட நாம் மயிலம் போகிற தூரம். வாசலில் புல் வெட்டுகிற வண்டி, அதில் சாவி. உட்கார்ந்து ஓட்டுகிற ரகம், மணிக்கு ஐந்து மைலுக்கு மேல் போகாது. அதிலேயே போய்விட்டார் மனுஷன். அவரே தன் புத்தகத்தில் எழுதியிருக்கிறார்.

இதைக் கேட்டதும் எனக்கு யார் ஞாபகம் வந்திருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். நம் பெரியப்பா பதினாறாம் நாள் காரியத்துக்குக் கர்ண மோட்சம் கூத்து வைத்தோமே. வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு, அச்சாரமும் வாங்கிக்கொண்டு, கர்ண வேஷக்காரர் ராத்திரி பத்து மணிக்கு மாயம். முகவீணைக்காரர் ஊதி ஊதிக் கன்னம் வீங்கிப்போனார். கட்டியக்காரன் தனக்குத் தெரிந்த கோமாளித்தனமெல்லாம் இரண்டு சுற்று செய்து முடித்தான். கடைசியில் ஆர்மோனியத்தை விட்டெழுந்து நீங்களே புஜக்கட்டையைக் கட்டிக்கொண்டீர்கள். கர்ண வேஷக்காரரோ பாதி அரிதாரத்தோடு விழுப்புரம் ஜங்ஷன் பெஞ்சில் பாண்டிச்சேரி வண்டிக்குக் காத்திருந்தார். டீ விற்கிற பையன் கும்பிட்டானாம், சாமி வந்திருக்கு என்று.

சரி, கச்சேரிக்கு வருகிறேன். மண்டபத்துக்கு ராக்கெட் விஞ்ஞானி வான் பிரவுன் பேர். நம் ஊரில் மண்டபத்துக்குத் தலைவர் பேர் வைப்பது மாதிரி இங்கே ராக்கெட்காரர் பேர். நிலாவுக்கு ஆள் அனுப்பிய சாட்டர்ன் ராக்கெட்டின் மாதிரி ஒன்றை, 363 அடி உயரத்துக்கு, கோயில் கோபுரம் மாதிரி நிற்க வைத்திருக்கிற ஊர் இது. மொத்தத்தையும் படம் பிடித்தார்கள், பிறகு வெளியிடுவார்களாம். ஒரு கேமரா நீளமான கையில் தொங்கிக்கொண்டு தலைக்கு மேல் போனபோதெல்லாம் நான் தொப்பியைச் சரி செய்துகொண்டேன். ஆமாம், கௌபாய் தொப்பி வாங்கிவிட்டேன். கண்ணாடியில் பார்த்தால் சோளக்கொல்லை பொம்மை.

பிராட் பெய்ஸ்லி, டான்யா டக்கர், டிராவிஸ் டிரிட் என்று வரிசையாக வந்தார்கள். உங்களுக்குப் பிடித்திருக்கக்கூடியது ஸ்டீல் கிடார். அதைப் படுக்க வைத்து, கம்பியின் மேல் இரும்புத் துண்டை வழுக்கி வழுக்கி வாசிக்கிறார்கள், கோட்டுவாத்தியமேதான். சாவு வீட்டில் நம் கிழவிகள் ஒப்பாரியில் குரலை இழுத்து ஒரு இடத்தில் உடைப்பார்களே, அதே உடைசல்.

1980-ல் வந்த ஒரு பாட்டு ஜோன்ஸுடைய உச்சம். ஒருத்தன் ஒருத்தியைச் சாகும்வரை காதலிப்பேன் என்கிறான். சொன்னபடி சாகிற அன்றுதான் நிறுத்துகிறான். இவ்வளவு சோகப் பாட்டை எவன் வாங்குவான் என்று ஜோன்ஸே முணுமுணுத்தாராம். அதுதான் அவரைத் தூக்கி நிறுத்தியது. என் பக்கத்து சீட்டுக்காரர் அந்தப் பாட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே மூக்கை உறிஞ்சுகிறார். விழுப்புரத்தில் பிறந்த சிவாஜியின் 'கர்ணன்' 2012-ல் புதுப்பித்து மறுபடி வந்தபோது அத்தை முந்தானையை நனைத்தது ஞாபகம் வந்தது.

வருகிற வழியில் பக்கத்து சீட்டுக்காரரிடம் கேட்டேன்: "இவ்வளவு பேரை ஏமாற்றியவருக்கா இவ்வளவு மரியாதை?" அவர் வண்டி ஓட்டிக்கொண்டே, "நானே இரண்டு தடவை ஏமாந்திருக்கிறேன், மூன்றாம் தடவை வந்தார்" என்றார். அந்த மூன்றாம் தடவையைப் பற்றி நாற்பது நிமிஷம் பேசினார்.

கர்ண வேஷக்காரர் இப்போது குடியை விட்டுவிட்டு மகள் வீட்டில் இருக்கிறார் என்று அம்மா சொன்னாள். உங்களுக்கு இன்னும் கோபம் ஆறவில்லை என்பதும் தெரியும். அச்சாரப் பணம் என் கணக்கில் போகட்டும். ஒரு சாயங்காலம் ஆர்மோனியத்தை எடுத்துக்கொண்டு நீங்களே போங்கள், வெற்றிலை பாக்கு வையுங்கள். பொன்னுருவியிடம் கர்ணன் விடைபெறுகிற கட்டம் மட்டும் போதும். தம்பி போனில் படம் எடுக்கட்டும். ஸ்டாண்டு அனுப்பி வைக்கிறேன். இந்தத் தடவை அவர் வராமல் இருக்க முடியாது, மாமா. நீங்கள்தானே அவர் வீட்டுக்குப் போகிறீர்கள்.

அன்புடன்,
உங்கள் மருமகன்

பி.கு.: தொப்பியை அடுத்த முறை வரும்போது கொண்டு வருகிறேன். மாடு மிரளாமல் இருந்தால் நீங்கள் வைத்துக்கொள்ளலாம்.