சூட்கேஸுக்குள் தயிர்ச்சட்டி போகுமா?

வெளிநாட்டு மாநாடுகளுக்குப் புறப்படும் தாதிய உத்தியோகத்தர்களின் கேள்விகளுக்கு, வார்டிலேயே காலம் கழித்து ஓய்வுபெற்ற 'கல்லடி அக்கா' பதில் சொல்கிறார்.

கேள்வி: பாரிஸில் நடக்கும் உலகத் தாதியியல் மாநாட்டுக்குச் சிறப்புப் பேச்சாளராக வரச்சொல்லி மின்னஞ்சல் வந்திருக்கிறது. "மாண்புமிகு பேராசிரியர் அவர்களே" என்று தொடங்குகிறது. நான் சேவைக்கு வந்து மூன்று வருடமான தாதி. நம்பலாமா?
– வந்தாறுமூலை வாசகி

பதில்: மேற்றன் உங்களை ஒருநாளாவது "மாண்புமிகு" என்று கூப்பிட்டதுண்டா? உள்ளூரில் கிடைக்காத மரியாதை பாரிஸிலிருந்து சும்மா வராது மகள். அந்த மின்னஞ்சலின் கடைசிப் பந்தியைப் படியுங்கள், சிறப்புப் பேச்சாளர் கட்டவேண்டிய தொகை யூரோவில் இருக்கும். அதே கம்பனி, அதே ஹோட்டலில், அதே திகதியில் பல் வைத்தியத்துக்கும் இரசாயனப் பொறியியலுக்கும் உலக மாநாடு வைக்கிறதா என்றும் தேடுங்கள். பெரும்பாலும் வைக்கும்.

உண்மையான மாநாடு இப்படிக் காலில் விழாது. 1899-ல் தொடங்கிய சர்வதேச தாதியர் பேரவையை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அதன் மாநாடு நடக்கிறது. 2019-ல் சிங்கப்பூர், 2023-ல் மொன்றியல், 2025 ஜூன் 9 முதல் 13 வரை ஹெல்சிங்கி. கொரோனாவால் 2021-ல் மட்டும் எல்லாரும் வீட்டுத் திரைக்கு முன்னால் இருந்தார்கள். அங்கே நீங்கள்தான் ஆய்வுச் சுருக்கம் எழுதி அனுப்பிவிட்டுக் காத்திருக்கவேண்டும். பல மாதம் கழித்து "வருந்துகிறோம்" என்று பதில் வரவும் கூடும். பதிவுக் கட்டணம் அங்கேயும் உண்டு. ஆனால் அந்த நாட்டுத் தாதியர் சங்கமே முன்னுக்கு நின்று நடத்தும். சந்தேகம் வந்தால் அந்தச் சங்கத்துக்கு இரண்டு வரி எழுதிக் கேளுங்கள், பதில் தருவார்கள்.

கேள்வி: என் ஆய்வுச் சுருக்கம் தெரிவாகிவிட்டது! அழைப்புக் கடிதமும் கையில் இருக்கிறது. இனி விமான ரிக்கெற்தானே?
– ஏறாவூர் ஆண் தாதி

பதில்: முதலில் வாழ்த்துகள் தம்பி. இப்போது அந்த ரிக்கெற் பக்கத்தை மூடிவைத்துவிட்டு லீவைப் பாருங்கள். அரச சேவையில் இருக்கும் நமக்கு நாட்டைவிட்டு வெளியே கால்வைக்க முதலே அனுமதிக்கப்பட்ட லீவு வேண்டும். அந்தக் கடதாசி வார்டிலிருந்து மேற்றன், மேற்றனிடமிருந்து பணிப்பாளர், அவரிடமிருந்து கொழும்பு என்று நகரும் வேகத்தை நான் சொல்லத் தேவையில்லை. ஒரு நோயாளியைக் கொழும்புக்கு மாற்றும்போது குறிப்பு, ஸ்கான் படம், மருந்து, கூடப்போகிறவர் எல்லாவற்றையும் இரண்டுதரம் சரிபார்த்து அனுப்புகிற நாம், சொந்தப் பயணம் என்றதும் எல்லாவற்றையும் கடைசிக் கிழமைக்கு விட்டுவிடுகிறோம்.

அடுத்தது கடவுச்சீட்டு. இப்போது இணையத்தில் விண்ணப்பித்து, தெரிவுசெய்யப்பட்ட பிரதேச செயலகங்களில் கைரேகை கொடுக்கலாம். பத்தரமுல்லையில் விடியப்புறம் வரிசையில் நின்ற பரம்பரைக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்கு விளங்காது. ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளுக்கென்றால் அந்தப் புத்தகம் பத்து வருடத்துக்கு உட்பட்டதாக இருக்கவேண்டும். திரும்பும் திகதிக்குப் பிறகும் மூன்று மாதம் செல்லுபடியாகவேண்டும். இரண்டு வெற்றுப் பக்கமும் வேண்டும். விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாள் முந்தியாவது கொடுத்தே ஆகவேண்டும். 15 நாளை நம்பியிருப்பவர் கடவுளையும் நம்பியிருக்கவேண்டும். கட்டணம் 2024 ஜூனிலிருந்து 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்புறுதியும் எடுக்கவேண்டும். சிங்கப்பூர் என்றால் இந்தத் தலையிடியே இல்லை. இலங்கைக் கடவுச்சீட்டுக்குக் குறுகிய காலப் பயணத்துக்கு விசா தேவையில்லை, வருகை அட்டையை மட்டும் போவதற்கு மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்பினால் போதும்.

இனி அந்த அழைப்புக் கடிதத்துக்கு வருவோம். அது விசா அல்ல. 2022-ல் மொன்றியலில் எய்ட்ஸ் பற்றிய உலக மாநாடு நடந்தபோது, அழைப்புக் கடிதம் கையிலிருந்தும் ஆபிரிக்காவிலிருந்து வரவேண்டிய பலருக்குக் கனடா விசா கிடைக்கவில்லை. மண்டபத்துக்குள்ளேயே எதிர்ப்புக் குரல் எழுந்தது. விசா அதிகாரி ஒரே ஒரு கேள்விக்குத்தான் விடை தேடுகிறார்: இந்த ஆள் திரும்பிப் போவாரா? அரச ஊழியர் ஐந்து வருடம்வரை சம்பளமில்லாத லீவில் வெளிநாட்டு வேலைக்குப் போகலாம் என்று 2022-ல் சுற்றறிக்கை வந்த நாடு நம்முடையது. இங்கிருந்து எத்தனை தாதியர் விமானம் ஏறினார்கள் என்பது அவருக்கும் தெரியும். ஆகவே எத்தனையாம் திகதி மீண்டும் கடமைக்கு வருகிறீர்கள் என்று எழுதிய லீவுக் கடிதம், சம்பளப் பட்டியல், வங்கிக் கணக்கு, கலியாணம் கட்டியவரென்றால் அந்தப் பத்திரம் எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுங்கள். விசா வந்த பிறகு ரிக்கெற். அதுவரை பதிவுசெய்து வைப்பதோடு நிற்கலாம்.

கேள்வி: நாங்கள் படுவான்கரை. கட்டுநாயக்கவுக்கு எப்படிப் போய்ச் சேருவது? அன்றிரவு கோச்சியில் போய் அடுத்தநாள் காலை விமானத்தைப் பிடித்துவிடலாம் என்கிறார் அவர்.
– கொக்கட்டிச்சோலைத் தாதி

பதில்: உங்கள் 'அவர்' வெளிநாடு போகவில்லை என்பது கடிதத்திலேயே தெரிகிறது. திமிலைத்தீவில் நமக்கும் ஒரு விமான ஓடுபாதை உண்டு. ஆனால் அங்கே போய் ஹெல்சிங்கிக்கு ரிக்கெற் கேட்கமுடியாது. ஆகவே பயணத்தின் கடினமான பகுதி ஐரோப்பாவில் இல்லை, வாவிக்கரைக்கும் கட்டுநாயக்கவுக்கும் நடுவில்தான் இருக்கிறது. இரவுக் கோச்சி நல்லதுதான். ஆனால் அது யானைக் காட்டுக்குள்ளால் வருகிறது. 2025 பெப்ரவரியில் ஹபரணைப் பக்கம் இரவு ரயில் ஒன்று யானைக் கூட்டத்தில் மோதித் தடம்புரண்டது, ஆறு யானைகள் செத்தன. மார்கழி, தை என்றால் வெள்ளம் வேறு. மண்முனைப் பாலம் 2014-ல் திறந்ததிலிருந்து வாவியைக் கடக்கப் பாதைப் படகுக்குக் காத்திருக்கத் தேவையில்லை என்பது உண்மைதான். மிச்சப் பாதைக்கு அந்தப் பாலம் பொறுப்பில்லை.

ஒருநாள் முந்திப் புறப்பட்டு நீர்கொழும்பில் சொந்தக்காரரோ விடுதியோ பார்த்துத் தங்குங்கள். கோச்சியில் வந்தால் கோட்டைவரை போகாமல் ராகமையில் இறங்குங்கள், புத்தளம் பாதை அங்கேதான் பிரிகிறது.

கேள்வி: ஹெல்சிங்கியில் என் மச்சாள் இருக்கிறாள். மாமி ஒரு சட்டி எருமைத் தயிரும், கூனி இறாலும், ஒரு போத்தல் தேனும், முற்றத்துக் கறிவேப்பிலையும் கட்டித் தந்திருக்கிறா. கொண்டுபோகலாமா?
– களுவாஞ்சிகுடி வாசகி

பதில்: உங்கள் மாமிக்கு ஐரோப்பியச் சட்டம் பாதி தெரிந்திருக்கிறது. எந்தப் பாதி என்று அவவுக்கும் தெரியாது.

தயிர் போகாது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து பயணிகள் பால் பொருளும் இறைச்சியும் கொண்டுவரக்கூடாது. கையில் தூக்கிக்கொண்டு ஏறலாம் என்றால் கட்டுநாயக்கவிலேயே மறிப்பார்கள். கவிழ்த்தாலும் விழாத நம்மூர்த் தயிர் பாதுகாப்பு வாசலில் திரவம்தான், 100 மில்லிலீற்றருக்கு மேல் கூடாது. கறிவேப்பிலையும் போகாது, தாவரச் சுகாதாரச் சான்றிதழ் கேட்பார்கள்.

ஆனால் கூனி இறால் போகும்! சொந்தப் பாவனைக்கு மீன் வகை 20 கிலோவரை விடுகிறார்கள். நாற்றத்துக்கு அந்தச் சட்டத்தில் வரம்பில்லை. ஆகவே மூன்று பொலித்தீன் சுற்றுங்கள், இல்லாவிட்டால் ஆரம்ப விழாவுக்கு வைத்திருக்கும் சேலையும் ஆய்வுக் கட்டுரையும் ஒரே வாசனையில் ஹெல்சிங்கி போய்ச் சேரும். தேன் இரண்டு கிலோவரை சரி, அதுவும் பொதிப்பெட்டிக்குள். மச்சாளுக்கு வாழைப்பழமோ தேங்காயோ கூடக் கொண்டுபோகலாம், சான்றிதழ் கேட்காத ஐந்து பழங்களுக்குள் அவை இரண்டும் இருக்கின்றன. மாம்பழம் இல்லை. ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள், புருசெல்ஸைக் கேளுங்கள். மாநாடு அவுஸ்திரேலியாவில் என்றால் இந்தப் பதிலை மறந்துவிடுங்கள். அங்கே சாப்பாட்டுப் பொருள் எதுவென்றாலும் அட்டையில் எழுதிக் காட்டவேண்டும், ஒளித்தால் தண்டம்.

சேலையைச் சொன்னதால் இதையும் சொல்கிறேன். ஆரம்ப விழாவுக்குப் பலர் தத்தம் நாட்டு உடையில் வருவார்கள். மருதமுனைக் கைத்தறி ஒன்றை எடுத்து வையுங்கள். கோட் சூட் வாங்கக் காசைக் கொட்டாதீர்கள்.

கேள்வி: எனக்குச் சலரோகம், இன்சுலின் போடுகிறேன். நாரிப்பிடிப்புக்கு டிரமடோலும் எடுக்கிறேன். பயணம் டுபாய் வழியாக.
– வாழைச்சேனைத் தாதி

பதில்: இன்சுலின் கைப்பையில்தான் இருக்கவேண்டும். பொதிப்பெட்டியில் போட்டால் குளிரில் உறையலாம், உறைந்தது உதவாது. பெட்டி உங்களைவிட்டுப் பிரிந்து வேறு கண்டத்துக்கும் போகலாம். ஊசியோடு போவதால் வைத்தியரின் கடிதம், மருந்துகளின் பொதுப் பெயர் எழுதிய சீட்டு இரண்டும் வேண்டும்.

டிரமடோலைப் பற்றிக் கேட்டது நல்லது. ஐக்கிய அரபு எமிரேற்ஸில் அது கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. கொடேயினும் அப்படித்தான். சிங்கப்பூரிலும் கொடேயினுக்குக் கட்டுப்பாடு உண்டு. முன்கூட்டியே அனுமதி எடுங்கள், அல்லது வைத்தியரிடம் கேட்டு மருந்தை மாற்றுங்கள். வார்டில் அபாய மருந்து அலுமாரியின் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு திரிகிற நமக்கே தன் கைப்பைக்குள் இருப்பது கண்ணில் படுவதில்லை.

கேள்வி: ஜூன் மாதத்தில் ஹெல்சிங்கியில் பொழுதே படாதாமே அக்கா. மஃரிப் எப்போது தொழுவது? சாப்பாடு?
– காத்தான்குடித் தாதி

பதில்: பொழுது படும், ஆனால் இரவு பத்தரைக்குப் பிறகுதான் படும். மஃரிப் அதற்குப் பிறகு. விடியல் நாலு மணிக்கே வந்துவிடும். கைபேசியில் அந்த ஊர் நேரத்தைப் போட்டுவையுங்கள், ஜன்னலை நம்பாதீர்கள். தூங்கக் கண்கட்டு ஒன்றும் கொண்டுபோங்கள். 2025-ல் ஹஜ்ஜுப் பெருநாள் ஜூன் 7, மாநாடு 9-ல் தொடங்கியது. பெருநாள் சாப்பாட்டோடு சூட்கேஸ் கட்டியவர்கள் அப்போது இருந்திருப்பார்கள். விமானத்தில் ஹலால் சாப்பாட்டைக் குறைந்தது 24 மணித்தியாலம் முந்திச் சொல்லிவையுங்கள். சைவக்காரருக்கும் அதே விதி, ஏறிய பிறகு முறைப்பட்டுப் பிரயோசனமில்லை. ஹெல்சிங்கியில் குழாய்த் தண்ணீர் நல்ல தண்ணீர், போத்தலுக்குக் காசு கொடுக்காதீர்கள்.

கேள்வி: சார்ஜர்?
– அவசரக்காரர், செங்கலடி

பதில்: சிங்கப்பூரிலும் லண்டனிலும் நம்முடைய மூன்று சதுரக்கால் பிளக் செல்லும். ஐரோப்பாவில் இரண்டு உருண்டைக் கால். கனடாவில் தட்டைக் கால், மின்னழுத்தமும் பாதி. பவர் பாங்க் கைப்பையில் மட்டும், 20,000 என்று எழுதியது சரி.

கேள்வி: மாநாட்டில் என்ன பேசுவது என்றே பயமாக இருக்கிறது. அங்கே ரோபோவைப் பற்றிப் பேசுவார்கள். நமக்கு என்ன இருக்கிறது?
– கல்முனைத் தாதி

பதில்: வயலில் சேற்றோடு நிற்கும் விவசாயிக்குக் காய்ச்சல், சலரோகமும் இருக்கிறது, மழைக்காலம் என்றால் உங்கள் மனதில் முதலில் வரும் பெயர்களில் மெலியோய்டோசிஸும் ஒன்று. மண்ணில் வாழும் பக்ரீறியா அது. மட்டக்களப்பில் நாம் காணும் நோயை ஹெல்சிங்கித் தாதி பாடப்புத்தகத்தில்தான் கண்டிருப்பார். பாம்புக்கடி, டெங்குக் காலத்தில் கட்டிலுக்குக் கீழேயும் நோயாளி, இதெல்லாம் உங்கள் கைப்பட்டவை. 2004 டிசம்பர் 26-ல் நாவலடியும் கல்லடியும் கடலுக்குள் போனபோது வாவிக்கரை ஆஸ்பத்திரிகளில் நின்ற தாதியருக்கு அனர்த்தகாலத் தாதியியல் பற்றி யாரும் வகுப்பெடுக்கவில்லை. அவர்களில் சிலர் இன்னும் சேவையில் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டு எழுதிக்கொண்டு போங்கள். ரோபோக்காரர் உங்கள் மேசையைத் தேடி வருவார்.

இரண்டு எச்சரிக்கை. நோயாளியின் படம் ஒன்றும் சம்மதமும் நெறிமுறைக் குழுவின் அனுமதியும் இல்லாமல் திரையில் வரக்கூடாது, முகத்தை மறைத்தாலும்தான். அடுத்தது, போஸ்டரைத் துணியில் அச்சடியுங்கள். மடித்துச் சேலைக்கு நடுவில் வைக்கலாம், நீளக் குழாயோடு விமானத்தில் மல்லுக்கட்டத் தேவையில்லை.

கேள்வி: என் கணவரும் கூட வரவேண்டும் என்கிறார்.
– பெயர் வேண்டாம், ஆரையம்பதி

பதில்: அவருக்குத் தனி விசா, தனிக் காசு. அழைப்புக் கடிதம் அவரைத் தாங்காது. கலியாணப் பத்திரத்தை வீட்டில் இருக்கும் கணவருக்காகக் காட்டும்போதுதான் விசா அதிகாரி நம்புவார் என்று சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: வந்த அடுத்தநாளே நைட் டியூட்டி போட்டிருக்காங்க. நியாயமா?
– மட்டக்களப்பு நகர்த் தாதி

பதில்: எங்கிருந்து வருகிறீர்கள் என்று எழுதவில்லையே. ஹெல்சிங்கி என்றால் கோடையில் வித்தியாசம் இரண்டரை மணித்தியாலம்தான், சாட்டுச் சொல்ல முடியாது. மொன்றியல் என்றால் ஒன்பதரை. இங்கே இரவு பத்து மணிக்கு உங்கள் உடம்புக்கு மத்தியானம் பன்னிரண்டரை. ரோஸ்டர் போட்டவருக்கு நன்றி சொல்லிவிட்டு நைட்டுக்குப் போங்கள், அந்தக் கிழமை முழுக்க வார்டிலேயே முழித்திருக்கும் ஆள் நீங்களாகத்தான் இருப்பீர்கள். பகல் ஷிப்ட் கிடைத்தால்தான் ஆபத்து. மருந்து அளவுகளை இன்னொருவரைக் கொண்டு சரிபார்க்க வையுங்கள்.

மாநாட்டின் வருகைச் சான்றிதழை அங்கேயே கையில் வாங்கி வந்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். லீவுக் கோவைக்கு அது வேண்டும். கொண்டுவந்த சொக்லேட்டை மேற்றனுக்கு முதலில் கொடுங்கள். கோவையைக் கையில் வைத்திருக்கும் கிளாக்கருக்கு அதற்கும் முதலில்.