கூத்து உன்னைப் பார்க்கும், தம்பி

உட்காரு தம்பி. ஒரகடத்துல ஷிப்டு முடிஞ்சா ரூமுக்குப் போய் போனைப் பார்த்துக்கிட்டே தூங்குற ஆளு, திடீர்னு கூத்து பார்க்கக் கிளம்பிட்டியே! போ, நல்லா போ. பங்குனி பொறந்து ஆடி முடியறதுக்குள்ள காஞ்சிபுரம், உத்திரமேரூர், செய்யாறுன்னு எங்கியாவது ஒரு திரௌபதியம்மன் கோயில்ல பாரதம் நடக்கும். மத்தியானம் பிரசங்கி கதை சொல்லுவாரு. ராத்திரி அதையே கூத்தா ஆடுவாங்க.

நோட்டீசுல ஒன்பது மணின்னு போட்டிருப்பான். கம்பெனி பஸ் புடிக்கிற வழக்கத்துல எட்டே முக்காலுக்கே போய் நின்னுடு. தெரு நாயிங்க பழக்கமாவும். வேஷக்காரங்க அப்பத்தான் அரிதாரம் பூச உட்காருவாங்க. லேசான மரத்துல செஞ்சு கண்ணாடிச் சில்லு பதிச்ச கிரீடம், புஜக்கட்டை, மார்க்கட்டை எல்லாம் ஏத்திக் கட்டணுமில்ல? உன் தலைக்கவசம் மாதிரி தாடைப்பட்டியை மாட்டாமலே தொங்கவிட்டா துரியோதனன் சுத்தி ஆட முடியாது.

மத்தளமும் முகவீணையும் களரி கட்டினதும் நீ முன்வரிசையில நாற்காலி போட்டு உட்காரு. கூத்துக் கோமாளி கட்டியக்காரன் அதுக்குத்தான் காத்திருக்கான். உன் கழுத்துல தொங்குற கம்பெனி அட்டையை மாட்டுத் தும்புன்னு பாடி ஊரையே சிரிக்க வைப்பான். கோவிச்சுக்காதே. ராசாவையே நையாண்டி பண்றவனுக்கு நீ எம்மாத்திரம்? நீ கூத்தைப் பார்க்க வந்ததா நெனைக்கிற, கூத்து உன்னைப் பார்த்துக்கிட்டிருக்கு.

அரை மணி நேரம் வீடியோ புடிச்சிட்டுப் போயிடலாம்னும் தோணும். தாராளமா போ. திரௌபதி துகில் விடியக்காலம்தான் வரும், அதை ரீல்சுல பார்த்துக்கோ. சேலையில கை வைக்கிறதுக்கு முன்னால துச்சாதனன் வேஷக்காரன் கற்பூரம் ஏத்தி அம்மன்கிட்ட மன்னிப்பு கேட்பான் பாரு, அந்த நேரம் பொம்பளைங்க கையெடுத்துக் கும்பிடுவாங்க. அங்க போய் போன் லைட்டை அடிச்சியானா, துச்சாதனன் தப்பிச்சிடுவான், நீ மாட்டிக்குவே.

அர்ச்சுனன் தபசு அன்னைக்குக் கம்பத்து மேலேருந்து எலுமிச்சம்பழம் வீசுவாங்க. பந்து புடிக்கிற மாதிரி தாவாதே. கீழ ஈரச்சேலையோட குழந்தை வரம் கேட்டு நிக்கிறவங்களுக்கு அது. கல்யாணமே ஆகாத உனக்கு என்னாத்துக்கு?

படிச்சவங்க இதெல்லாம் பார்ப்பாங்களான்னு கேக்காதே. 1977ல கூத்துப்பட்டறைங்கிற நாடகக் குழுவைத் தொடங்கின ந. முத்துசாமி, புரிசை கண்ணப்ப தம்பிரானோட கூத்துல சொக்கிப் போன மனுசன். காஞ்சிபுரம் பக்கம் புஞ்சரசந்தாங்கல்ல, 1990ல தொடங்கின கட்டைக்கூத்து சங்கத்தை பெ. ராஜகோபாலோட சேர்ந்து வளர்த்த ஹன்னா, நெதர்லாந்துலேருந்து வந்த அம்மா. அவங்க குருகுலத்துல பொண்ணுங்களும் வேஷம் கட்டக் கத்துக்கிட்டாங்க. கடல் தாண்டி வந்தவங்களே விடிய விடிய உட்கார்ந்தாங்க. கன்வேயர் பக்கத்துல ராத்திரியெல்லாம் நிக்கிற உனக்கு உட்கார்ந்து பார்க்க வலிக்குதா?

கடைசியா ஒண்ணு. மனசு நெறைஞ்சா ஐம்பதோ நூறோ குடு. கட்டியக்காரன் ஊரையும் பேரையும் மைக்குல சொல்லுவான். வீட்டுப் பேரைச் சொல்லு, கம்பெனி பேரைச் சொல்லாதே. காய்ச்சல்னு சொல்லித்தானே லீவு போட்டிருக்கே? உங்க மேனேஜருக்குக் கார் ஓட்டுறவன் எங்க ஊர்க்காரன்.