ரெண்டு மடங்கு வேகத்துல படிக்கிற பேராண்டிக்கு

ஏலே பேராண்டி, தாராவி 90 ஃபீட் ரோட்டுல உன்னை மாதிரி கணக்குப் புலிய நான் பாத்ததில்ல. ராத்திரி பன்னெண்டு மணி வரைக்கும் போனுல கணக்குப் பாடம் ஓடுது. அதுவும் ரெண்டு மடங்கு வேகத்துல! வாத்தியாரு மூச்சு விடக்கூட நீ விடமாட்டேங்க. பென்சில் மட்டும் போன தீவாளிக்கு வாங்கினது, முனை மழுங்காம அப்படியே கெடக்கு. சிக்கனம்னா இதுல்லா சிக்கனம்!

நான் தோல் கிடங்குல தோலு எண்ணின கெழவன், எனக்கென்ன தெரியும்? உங்கக்கா வாசிச்சுச் சொன்னதைச் சொல்லுதேன். நீ பாடம் பாக்குற கான் அகாடமி இருக்குல்லா, அதை ஆரம்பிச்சவரு சல்மான் கான். பாந்த்ராப் பக்கம் திரும்பாதல, அந்த நடிகரு வேற, இவரு வேற. 2004ல பாஸ்டன்ல இருந்துக்கிட்டு, நியூ ஆர்லியன்ஸ்ல இருந்த உறவுக்காரப் புள்ள நாடியாவுக்குப் போன்ல கணக்குச் சொல்லிக் கொடுத்தாரு. மொதல்ல அவரு செஞ்சது வீடியோ இல்ல. போட்டுப் பழகப் புதுசு புதுசா கணக்கு கொடுக்க ஒரு புரோகிராம். வீடியோ வந்தது 2006லதான். சோறு முன்னால, அப்பளம் பொறவு. நீ அப்பளத்தை மட்டும் நொறுக்கிட்டு ஏப்பம் விடுத.

ஜியோஜீப்ரான்னு கணக்குப் படம் வரையுத செயலி, அதுவும் உனக்கு அத்துப்படி. ஆஸ்திரியாக்காரரு ஹோஹென்வார்ட்டர் 2001ல தொடங்கினது. நம்மூருப் பாடப்புத்தகத்துலயே அதுக்கு வழி போட்டிருக்கு. முக்கோணத்து மூலையப் புடிச்சு இழுத்தா மூணு கோணமும் மாறும், கூட்டினா 180 மட்டும் மாறாது. நீயும் இழுத்த, இழுத்த, இழுத்துக்கிட்டே இருந்த. ஏன் மாறலன்னு ஒரு தரம் கேட்டியா? சும்மா இழுக்கதுக்கு ரப்பர் பேண்டு போதுமே, டேட்டாவாவது மிஞ்சும்.

முட்டி மோத கணக்கு வேணும்னா தூரமா போகவேண்டாம். செம்பூரு தாண்டினா மான்குர்து. அங்க ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் இருக்கு. கணித ஒலிம்பியாட்னு ஒரு போட்டி, அதோட பழைய கேள்வித்தாளை இணையத்துல காசில்லாம போட்டு வச்சிருக்காங்க. 1996ல உலகத்துப் புள்ளைங்க கணித ஒலிம்பியாட் எழுதினதே இந்த மும்பையிலதான். ஒரே ஒரு கணக்கை எடுத்து ரெண்டு நாள் வச்சுப் பாரு. உனக்கு அதெல்லாம் எதுக்கு? கேள்விய வாசிக்கதுக்கு முன்னாலயே விடையத் தேடிப் புடிக்கதுக்கு ஒரு ஒலிம்பியாட் வைக்கட்டும், தங்கம் உனக்குத்தான்.

சரி, போனை விடமாட்ட. போனை வச்சே ஒரு கணக்கு தாரேன். உன் நம்பர்ல கடைசி நாலு எண்ணை எழுது. நாலும் ஒண்ணா இருக்கப்புடாது. பெருசுலேருந்து சிறுசா அடுக்கு, பொறவு சிறுசுலேருந்து பெருசா அடுக்கு. பெரியதுலேருந்து சின்னதைக் கழி. வந்ததை வச்சு மறுபடியும் அதையே செய்யி. மூணு எண்ணு வந்தா முன்னால ஒரு பூஜ்யம் போட்டுக்கோ. ஏழு தடவைக்குள்ள 6174ல வந்து நின்னுரும், அதுக்கு மேல நகராது. கண்டுபிடிச்சவரு கப்ரேக்கர், நாசிக் பக்கம் தேவ்லாலியில பள்ளிக்கூட வாத்தியாரு. 1949ல நம்ம மெட்ராஸ் கணித மாநாட்டுல வந்து சொன்னாரு. அவரு எந்த வீடியோ பாத்தாரு?

உக்காந்து கழிச்சுப் பாரு. 6174 வரலைன்னா கப்ரேக்கர் மேல பழி போடாத. பக்கத்து எண்ணுகிட்ட கடன் வாங்கிட்டு மறந்திருப்ப. அது உங்கப்பன் வழிப் பழக்கம்.