வாசிப்புப் போட்டியில் வாசிக்கப்படுவது யாது?

பள்ளி வாசிப்புப் போட்டி எனப்படுவது, மாணவர் ஒருவர் தாம் எழுதாத ஓர் உரைப்பகுதியை, தத்தம் முறை எப்போது வரும் என்ற கவலையைத் தவிர வேறெதையும் காதில் வாங்காத பிற போட்டியாளர்களின் முன்னிலையில், மூன்று நிமிடத்துக்குள் குரல் விட்டுப் படித்து முடிக்க முயலும் நிகழ்வாகும். இதன் உடன்பிறப்புகளான ஒப்புவித்தல் போட்டியிலிருந்தும் பேச்சுப் போட்டியிலிருந்தும் இது வேறுபடும் இடத்தை முதலிலேயே வரையறுத்துக்கொள்வது நல்லது. ஒப்புவித்தலில் தோற்றவருக்கு மறதி என்னும் சாக்கு உண்டு. பேச்சுப் போட்டியில் தோற்றவர், எழுதிக்கொடுத்த அப்பாவின் மீது பழியைப் போட்டுவிடலாம். வாசிப்பிலோ எல்லாமே கண்ணெதிரில் அச்சிட்டுக் கிடப்பதால், தோற்றவருக்குச் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. ‘எழுதியிருப்பதைப் படிக்க என்ன கேடு’ என்று வீட்டில் எழும் வினாவுக்கு இதுவரை எந்தப் போட்டியாளரும் தக்க விடை தந்ததில்லை என்பதனால், அவ்விடையைத் தேடித் தருவதை இக்கட்டுரை தன் கடமையாகக் கொள்கிறது.

இப்போட்டியை அற்பமானதென்று எண்ணுவோர் உலக நடப்பை அறியாதவர். ஜெர்மனியில் 1959 முதல் ஆறாம் வகுப்பு மாணவர்களுக்கென நாடு தழுவிய வாசிப்புப் போட்டி ஆண்டுதோறும் நடந்துவருகிறது. பிரான்சில் 2012 முதல் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு இத்தகைய போட்டி நடக்கிறது. அங்கும் கெடு மூன்று நிமிடமே. பிரெஞ்சு ஆட்சி 1954-இல் கைமாறிய பின்னும் பிரெஞ்சுப் பழக்கங்கள் சிலவற்றைக் கைவிடாத புதுச்சேரி, இந்த மூன்று நிமிடக் கணக்கில் மட்டும் யாரையும் பின்பற்றவில்லை என்றே கருத வேண்டும். மதிய உணவு மணிக்கு முன்னர் நாற்பது பேரை மேடையேற்றி இறக்க வேண்டிய ஆசிரியர் எந்த நாட்டவராயினும் இக்கணக்குக்குத்தான் வந்துசேர்வார்.

குரல் விட்டுப் படிப்பதே பழங்காலத்தின் பொதுவழக்கு என்பதற்கு அகுஸ்தீன் என்னும் கிறித்தவத் துறவியின் தன்வரலாற்று நூல் சான்றாக அடிக்கடி காட்டப்படுகிறது. மிலான் நகரத்து ஆயர் அம்புரோஸ் உதடு அசையாமல் கண்ணால் மட்டும் படித்ததை, நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த அகுஸ்தீன் குறிப்பிட்டு எழுதத்தக்க செய்தியாகக் கருதினார். தமிழ் ஏடுகளின் நிலை இன்னும் கடினம். ஓலையில் புள்ளி வைத்தால் ஓலை கிழியும் என்பதால் மெய்க்குப் புள்ளி இராது, எகர ஏகார வேறுபாடும் ஒகர ஓகார வேறுபாடும் தெரியாது, சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளியும் இராது. இவற்றுள் எகர ஒகரக் குழப்பத்தைத் தீர்க்க வீரமாமுனிவர் வரவேண்டியிருந்தது. ஆகவே ஏடு வாசித்தவர், என்ன எழுதியிருக்கிறது என்பது பாதி தெரிந்த பிறகே வாயைத் திறந்தார். இன்றைய போட்டியாளருக்குப் புள்ளி, காற்புள்ளி, இடைவெளி யாவும் இலவசமாகக் கிடைத்துவிட்டதால், பொருள் தெரிந்துகொள்ளும் தொல்லை மட்டும் மிச்சமாயிற்று.

இனி, கால அளவை ஆராயலாம். இயல்பாகக் கண் இமைக்கும் நேரம் அல்லது விரல் நொடிக்கும் நேரம் ஒரு மாத்திரை என்பதும், குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்பதும் தொல்காப்பியம் தரும் கணக்கு. கண்ணிமைப்பு ஒன்றைத் தோராயமாக ஒரு விநாடியின் மூன்றில் ஒரு பங்கு என்று கொண்டால், மூன்று நிமிடத்தில் போட்டியாளரின் கையிருப்பு 540 மாத்திரையாகும். ‘புதுச்சேரி’ என்னும் சொல்லுக்கு ஐந்தரை மாத்திரை செலவாவதால், அச்சொல்லை மட்டுமே வாசிக்கப் பணிக்கப்பட்ட மாணவர் அதனை 98 முறை சொல்ல முடியும். மிஞ்சும் ஒரு மாத்திரை எச்சில் விழுங்க உதவும். ஊரார் நாவில் புழங்கும் ‘பாண்டி’க்கு மூன்றரை மாத்திரை என்பதால் அதனை 154 முறை சொல்லலாம், வியக்கத்தக்க வகையில் இங்கும் அதே ஒரு மாத்திரை மிஞ்சுகிறது. ஐகாரம் சொல்லின் கடையில் ஒரு மாத்திரையாகக் குறுகும் என்னும் விதிப்படி ‘புதுவை’க்கு மூன்றே மாத்திரை, 180 முறை சொன்னால் கணக்கு நேராகித் தீர்ந்துவிடும், எச்சில் விழுங்க இடமிராது. 2006-இல் அரசு தன் ஆவணங்களுக்குப் ‘புதுச்சேரி’யைத் தேர்ந்துகொண்டு ‘புதுவை’யைக் கவிஞர்களிடமே விட்டுவைத்தது இத்தகைய உடலியல் காரணத்தால் இருக்கலாம். நடைமுறையில் மாணவர்கள் இக்கணக்கை மதிப்பதில்லை. முதற்பத்தியைத் தொல்காப்பியர் வேகத்தில் தொடங்கி, கடைசிப் பத்தியைக் கடலூர்ப் பேருந்தின் வேகத்தில் முடிப்பதே வழக்கம்.

நடுவர்களின் பேனா பெரும்பாலும் அசைவது ழகரத்தின் பொருட்டு. நாவின் நுனி மேலண்ணத்தை வருடுவதால் ழகரம் பிறக்கிறது என்று இலக்கணம் சொல்கிறது. ஆனால் வடதமிழ் வட்டாரப் பேச்சில் வாழைப்பழம் ‘வாயப்பயம்’ ஆகிவிடுவதால், வருட வேண்டிய நா வருடாமலேயே நாள் முழுவதும் வேலையை முடித்துக்கொள்ளப் பழகியிருக்கிறது. போட்டிக்கு ஒரு வாரம் முன்பு ஆசிரியர் இதனைக் கண்டித்ததும் எதிர்வினை ஒன்று தோன்றுகிறது. இதற்கு மிகைத்திருத்தம் என்று பெயர். அதாவது, ழகரம் வேண்டிய இடத்தில் அதை விட்டுவிடக்கூடாது என்னும் அச்சத்தால், வேண்டாத இடங்களிலும் ஒன்றைப் போட்டு வைப்பது. ‘பள்ளி’ என்பது ‘பழ்ழி’யாகவும் ‘வெள்ளம்’ என்பது ‘வெழ்ழ’மாகவும் ஒலிப்பது இதன் அறிகுறி. புதுச்சேரி ஆட்சிப்பரப்பின் பிற பகுதிகளை நோக்கினால் இயற்கையின் ஓரவஞ்சனை விளங்கும். மலையாளம் பேசும் மாகே மாணவருக்கு, தம் ஊரின் மலையாளப் பெயரான ‘மய்யழி’யிலேயே ழகரம் இருப்பதால் அன்றாடம் பயிற்சி கிடைக்கிறது, தெலுங்கு பேசும் ஏனாம் மாணவரின் மொழியோ ழகரத்தை எப்போதோ கைகழுவிவிட்டதால் அவருக்கு அந்தக் கவலையே இல்லை. ழகரம் எழுத்தில் இருந்து நாவில் இல்லாத துன்பம், தமிழ் வாசிக்கும் புதுச்சேரிப் பிள்ளைக்கும் காரைக்கால் பிள்ளைக்குமே உரியது.

பிரெஞ்சு கற்கும் மாணவர்க்குத் துன்பம் மறுதிசையில் வருகிறது. அம்மொழியில் எழுதிய எழுத்துகளில் கணிசமானவை வாய்க்கு வருவதில்லை. சொல்லின் கடைசியில் உறங்கிக்கிடக்கும் ஸகரம், அடுத்த சொல் உயிரெழுத்தில் தொடங்கினால் மட்டும் விழித்துக்கொண்டு அதன்மீது ஏறிக்கொள்ளும். நம் புணர்ச்சி விதியில் ‘கதையை’ என்பதும் ‘படி’ என்பதும் சேரும்போது எங்கிருந்தோ ஒரு பகர ஒற்று வந்து நிற்பதை அறிந்த பிள்ளைக்கு இது புதுமையாகத் தோன்ற வேண்டியதில்லை. ஊரே இவ்விரு முறைகளுக்கும் இடையில் தத்தளிப்பதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு, 1827-இல் தொடங்கப்பட்டு, 1966-இல் பிரெஞ்சு எழுத்தாளர் ஒருவரின் நூற்றாண்டையொட்டி அவர் பெயர் சூட்டப்பட்ட பொது நூலகம். அவர் பெயரை அவருடைய மொழியினர் ஏறத்தாழ ‘ரொமேன் ரொலான்’ என்று சொல்ல, புதுச்சேரியினர் எழுத்தெண்ணி ‘ரோமன் ரோலண்ட்’ என்கின்றனர். வாசிப்புக்கென்றே அமைந்த நிலையத்தின் பெயர்ப்பலகையையே வாசிப்புப் போட்டியில் கொடுத்தால் இருமொழி நடுவர்களும் அடித்துக்கொள்வர். 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை இச்சிக்கலில் மாட்டிக்கொள்ளவில்லை. அவர் துரைமார்களின் பெயர்களை ஆளுநர் மாளிகையில் அன்றாடம் காதால் கேட்டுவந்தவர். ஊரின் நாக்கைக் கெடுத்தது கண் என்பதே இங்கு எட்டத்தக்க முடிவு.

இனி, கண்ணையே ஆராய வேண்டியதாகிறது. உரக்கப் படிப்பவரின் கண் எப்போதும் குரலுக்கு ஓரிரு சொற்கள் முன்னே ஓடிக்கொண்டிருக்கும். இந்த இடைவெளியைக் கண்-குரல் தொலைவு என்று கூறலாம். தமிழில் வினைமுற்று வாக்கியத்தின் கோடியில் நிற்பதாலும், வினாவாக்கும் ஆகாரம் அந்த வினைமுற்றுக்கும் வாலில் தொங்குவதாலும், இத்தொலைவு போதாமற்போகிறது. பிரெஞ்சிலோ ஆங்கிலத்திலோ வினாச்சொல் பல நேரங்களில் வாயிலிலேயே நின்று வரவேற்கும். தமிழில் அது கொல்லைப்புறத்தில் காத்திருந்து பிடரியில் அடிக்கும். முத்தியால்பேட்டையைச் சேர்ந்த எட்டாம் வகுப்பு மாணவர் ஒருவரை மாதிரியாகக் கொள்வோம். அவருக்குத் தரப்பட்ட, முன்பின் பாராத பகுதியில், இரவெல்லாம் மழையில் நனைந்தபடி வேலியோரம் கட்டிக்கிடந்த கறுப்பு ஆட்டை நீ பார்த்தாயா என்று ஒரு கிழவி கேட்கிறாள். மாணவர் ‘இரவெல்லாம்’ என்பதிலிருந்து செய்தி வாசிப்பவரைப் போலச் சமனாக வந்து, ‘பார்த்தாய்’ என்று குரலை இறக்கி முற்றுப்புள்ளிக்கு ஆயத்தமான பின்னரே கேள்விக்குறியைக் கண்டார். கையில் மிஞ்சிய ஆகாரத்தை என்ன செய்வதென்று தெரியாமல், அதைத் தனியே, உயர்ந்த குரலில், ‘ஆ!’ என்று வெளியேற்றினார். நடுவர் அதனைக் கிழவியின் வேதனை என்று புரிந்துகொண்டு, ‘உணர்ச்சி’ என்ற கட்டத்தில் ஒரு மதிப்பெண் கூட்டினார்.

உடலைச் சார்ந்த பிற காரணிகளைச் சுருங்கக் கூறினால் போதும். அரசுப் பள்ளிகளில் காலையில் தரப்படும் பால் தொண்டையில் கோழையைக் கட்டும் என்று தாய்மார் நம்புவதால், போட்டியன்று அது தவிர்க்கப்பட்டு, அதிமதுரத் துண்டு ஒன்று கன்னத்தில் அடக்கப்படுகிறது. லகர ளகர வேறுபாட்டுக்கு அதிமதுரம் செய்யும் கேட்டை இதுவரை எவரும் அளந்ததில்லை. ஒலிவாங்கித் தண்டு தலைமையாசிரியரின் உயரத்துக்குத் திருகப்பட்டு இறுகிப்போயிருக்கும். பிரெஞ்சுக்காரர் காலத்துக் கட்டடமாயின், விதானம் இருக்கும் உயரத்துக்கு, மாணவர் சொன்ன சொல் சற்றுப் பொறுத்து அவரிடமே திரும்பிவந்து, அடுத்த சொல்லோடு மோதும். பக்கம் புரட்டும் விரலில் எச்சில் தொடலாமா என்பதில் நடுவர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எச்சில் தொடாதவர் இரண்டு தாள்களைச் சேர்த்துப் புரட்டி, கதையில் ஒரு திருமணத்தையும் ஒரு சாவையும் தாண்டிச் சென்ற பிறகும் அவையில் ஒருவரும் புருவம் உயர்த்தாததை நோக்க, தொடாதிருப்பதே சிக்கனம் எனத் தோன்றுகிறது.

ஒருவரும் புருவம் உயர்த்தாமைக்குக் காரணம் வெளிப்படை. படிப்பவரின் கவனம் முழுவதும் அடுத்த ழகரத்தின் மீது. காத்திருப்போர் தத்தம் பகுதியை உதட்டளவில் ஓட்டிக்கொண்டிருப்பர். படித்து முடித்தவர் நின்றுபோன மூச்சை மீட்டுக்கொண்டிருப்பார். நடுவருக்கு உச்சரிப்பு, சரளம், ஏற்ற இறக்கம், உணர்ச்சி ஆகிய கட்டங்களை நிரப்பவே மூன்று நிமிடம் போதவில்லை. பாரதிதாசன் போன்றோர் பிரெஞ்சு அரசின் தமிழாசிரியராகப் பல்லாண்டு பணிசெய்த இந்த ஊரில், வகுப்பில் பாடம் வாசிக்கக் கேட்டவுடன், வாசித்ததன் பொருளையும் கேட்பதே வாத்தியார்களின் வழக்கம். போட்டியில் பொருள் கேட்பதில்லை, கேட்டால் நேரமாகும்.

மாதிரி மாணவருக்கு ஆறுதல் பரிசாக எவர்சில்வர் சோப்பு டப்பா ஒன்று கிடைத்தது. ஆடு கிடைத்ததா என்பது தெரியுமுன்னரே அவருக்கு மணி அடிக்கப்பட்டிருந்தது. அவர் வெளியே வந்தபோது, நடுவர்களுக்குத் தேநீர் கொண்டுவந்து, உள்ளே போகலாமா கூடாதா என்று தெரியாமல் முதற்போட்டியாளர் முதலே வாசற்படியில் நின்றுவிட்ட பள்ளி ஆயா, தட்டை இடுப்போடு அணைத்தபடி அவரை மறித்து வினவியதாவது: “ஏம்பா, அந்த ஆடு கடைசில கெடச்சுதா?”

“எந்த ஆடு ஆயா?” என்றார் மாணவர்.

“கெழவி ஆடுப்பா. மழைல கெடந்துச்சே, கறுப்பு ஆடு. நீதானே படிச்ச.”

மதிப்பீட்டுத் தாளில் இவ்வினாவுக்குரிய கட்டம் இல்லை. மாணவர் உள்ளே திரும்பிச் சென்று, மேசைமேல் கவிழ்ந்துகிடந்த புத்தகத்தை எடுத்துவந்து, தாழ்வாரத்துப் படியில் உட்கார்ந்து, தாம் விட்ட இடத்தைத் தேடிக் கண்டுபிடித்தார். சோப்பு டப்பா பக்கத்தில் கிடந்தது. அவர் இரண்டு தாள் புரட்டும்வரை, இம்முறை ஒவ்வொன்றாக, ஆயா அங்கேயே நின்று, அசையாத அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். தேநீரில் ஆடை படிந்தது.